உவரிப் பக்கத்துச் சாளைக்கடை: கரைக்கு வந்த மீன்தான் இலைக்கு வரும்

நெல்லைச் சீமையில் மீன் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தக் கடையைத்தான். திசையன்விளையிலிருந்து உவரிக்குப் போகிற ரோட்டில், ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், ஓலைக் கூரையும் நாலைந்து மேசையும் உள்ள சின்னக் கடை. பெயர்ப் பலகை கிடையாது, சாளைக்கடை என்று கேட்டால் வழி காட்டுவார்கள். வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். அன்றைக்குக் கரைக்கு என்ன மீன் வந்ததோ அது மட்டும் சாக்பீஸில் எழுதியிருக்கும். சில நாள் நாலு பெயர், சில நாள் ஒரே பெயர், சில நாள் "மீன் இல்லை, கருவாடு உண்டு" என்று இருக்கும். மேப்பில் யாரோ சேர்த்துவிட்ட பக்கத்தில் இந்தக் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். ஏறக்குறைய எல்லாம் ஒரே புகார்: பெயர் சாளைக்கடை, போய் உட்கார்ந்தால் சாளை இல்லை என்கிறார்கள். எனக்கு அதுதான் இந்தக் கடையின் பெரிய தகுதியாகப் படுகிறது. ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன், கடல் சூடாவதைப் பற்றிப் பேசாமல் இந்தக் கடையைப் பற்றி நியாயமாக எழுத முடியாது.

முதலில் சாப்பாடு.

இங்கே சிறுமீன் மட்டும்தான். சாளை, சூடை, நெத்திலி, காரல், அயிலை, அவ்வளவுதான். வஞ்சிரம், இறால், நண்டு எதுவும் கிடையாது, கேட்டாலும் வாங்கிவர மாட்டார்கள். நடத்துவது கணவனும் மனைவியும். அண்ணாச்சி காலையில் கடற்கரையில் ஏலம் எடுத்து வருவார், சமையல் அக்கா. பெரிய ஐஸ் பெட்டி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, அன்றன்று எடுத்தது அன்றன்றே தீர வேண்டும், அதனால் மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் பெரும்பாலும் குழம்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

சாளைக் குழம்புதான் இவர்களுடைய முதல் சாப்பாடு. தேங்காய், சீரகம், சின்ன உள்ளி, வத்தல், மல்லி எல்லாம் மை போல அரைத்துப் புளியோடு கரைத்து மண்சட்டியில் கொதிக்கவிட்டு, பச்சை வாசம் போன பிறகுதான் மீனைப் போடுகிறார். போட்ட பிறகு கரண்டி உள்ளே போகாது, சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து மெதுவாகச் சுழற்றுவார், மீன் உடையாமல் குழம்பு ஏறிவிடும். மாங்காய் கிடைக்கும் காலத்தில் மாங்காய், இல்லாவிட்டால் முருங்கைக்காய். வறுவலுக்கு மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் புளித்தண்ணீர், இவ்வளவுதான். செயற்கைச் சிவப்புச் சாயம் இல்லை, மாவு இல்லை. நெத்திலிக்குத் தலை கிள்ளி, பச்சைத் தேங்காயும் பச்சை மிளகாயும் சேர்த்து அவியல் மாதிரி வற்றவைத்து, அவித்த மரச்சீனிக் கிழங்கோடு தருகிறார்கள். நெத்திலி வந்த நாளில் போனால் சோற்றைக் குறைத்துக்கொண்டு இதை இரண்டு தடவை வாங்குங்கள். காரல் என்றால் மிளகு, பூண்டு தட்டிப் போட்ட தண்ணிக் குழம்பு. முள் அதிகம், பொறுமையாகச் சாப்பிட வேண்டும், பிள்ளைகளுக்கு நீங்களே முள் எடுத்துக் கொடுங்கள். அயிலை சுமார். குழம்பில் நன்றாகத்தான் இருக்கிறது, வறுவல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வறண்டு போகிறது. அடுப்பில் கூடுதல் நேரம் வைத்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அக்கா அரிவாள்மணையை வைத்து மீன் ஆய்கிற இடத்துக்கு யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், மறைவு எதுவும் இல்லை. ஒரு நாள் சாளையைக் கீறி வயிற்றைத் திறந்து காட்டினார். உள்ளே கருப்புத் தோல் படிந்த வயிறு, குடலை ஒட்டி வெள்ளை வெளேரென்று கொழுப்பு திரண்டு நின்றது. "பாத்தீங்களா தம்பி, நெய் கட்டியிருக்கு. இதப் போட்டா நான் எண்ணெ கம்மியாத்தான் ஊத்துவேன்" என்றார். அன்றைக்குக் குழம்பின் மேல் மஞ்சளாக மிதந்தது மீனின் நெய்தான். இன்னொரு சமயம் அதே அளவுச் சாளை, அதே இடத்தில் கீறினால் குடல் மட்டும் நூல் மாதிரி கிடக்கிறது, கொழுப்பு என்று ஒரு கீற்றுகூட இல்லை. குழம்பும் அன்றைக்குச் சப்பென்று இருந்தது. அக்கா மறைக்கவில்லை, "இன்னைக்குச் சாளை ருசி இருக்காது, கொழம்பு வேணும்னா ஊத்துறேன், மீனு வறுவலு வாங்காதீங்க" என்று வாய்விட்டுச் சொன்னார். வியாபாரத்தில் இப்படிச் சொல்கிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கடை வாசலிலிருந்து நேரே கடலுக்குள் போக வேண்டியிருக்கிறது. சாளை தின்பது கடல்நீரில் மிதக்கும் நுண்பாசியையும் அதைத் தின்னும் பொடி உயிர்களையும். பாசி வளர வெயிலும் வேண்டும், உரமும் வேண்டும். வெயில் மேலே இருக்கிறது, உரச்சத்து ஆழத்தில் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்து வைப்பது காற்று. பணகுடி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறதே கச்சான் என்னும் அந்த மேற்குக் காற்று, அதே காலத்தில் கேரளக் கரையிலும் குமரி முனைப் பக்கமும் கடலின் மேல்நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள தண்ணீர் மேலே ஏறுகிறது. பாசி பெருகும், மீன் தின்னும், நெய் கட்டும். காற்று தவறினாலோ, அடிநீர் மேலே ஏற முடியாமல் போனாலோ மீன் மெலியும், குஞ்சு பிழைக்காது, கூட்டம் வேறு பக்கம் போகும்.

கடல் சூடானால் நடக்கிற முதல் காரியம் இதுதான். சூடான மேல்நீர் லேசாகி, ரசத்தின் மேல் நெய் நிற்பது போல மேலேயே நிற்கும், அடியில் இருக்கும் குளிர்ந்த நீரோடு கலப்பது குறையும். சத்து மேலே வராது. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர் மேற்கு இந்தியப் பெருங்கடலை வைத்து இதை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள்: அறுபது ஆண்டுகளில் அங்கே நுண்பாசி 20 சதவீதம் வரை குறைந்திருக்கலாம், காரணம் மேல்நீர் சூடாகிக் கலக்காமல் போனது என்று. அந்தக் கடலின் மேல்நீர் ஒரு நூற்றாண்டில் ஏறக்குறைய 1.2 டிகிரி சூடேறியிருக்கிறது என்று அதற்கு முன்னாலேயே அவர்கள் காட்டியிருந்தார்கள். நமக்கு ஒரு டிகிரி பெரிதாகத் தெரியாது. தண்ணீரின் சூடு எவ்வளவோ அதுதான் மீனின் உடம்புச் சூடு, அதனால் மீனுக்கு அது பெரிய விஷயம். சூடு கூடினால் உடம்புக்குத் தீனி அதிகம் வேண்டும், மூச்சுக்காற்றும் அதிகம் வேண்டும், அதே சூட்டில் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அப்படிப்பட்ட கடலில் மீன் பெரிதாக வளராமல் சிறிய உருவத்திலேயே சினைப் பிடித்துவிடும் என்று பல விஞ்ஞானிகள் எதிர்பார்க்கிறார்கள்.

சிறுமீனுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. சாளைக்கு ஆயுள் இரண்டரை, மூன்று வருஷம்தான், நெத்திலிக்கு அதுவும் இல்லை. முட்டை மேல்நீரில் மிதந்து பொரிக்கும், பொரித்த குஞ்சுக்கு முதல் சில நாளில் வாய்க்கு எட்டுகிற மாதிரி பாசி இருந்தாக வேண்டும். மழையோ காற்றோ முன்னும் பின்னும் ஆகி, குஞ்சு வந்த நேரத்தில் தீனி இல்லை என்றால் அந்த வருஷத்துக் கூட்டமே போய்விடும். ஆயுள் நீண்ட பெரிய மீனுக்கு ஒரு வருஷம் தவறினால் பழைய மீன் இருக்கும், தாக்குப்பிடிக்கும். சாளைக்கு அந்தக் கையிருப்பு கிடையாது. அதனால்தான் சிறுமீன் வந்தால் கொட்டும், இல்லை என்றால் அடியோடு இருக்காது.

கேரளத்தில் நடந்தது நம் எல்லோருக்கும் பக்கத்து வீட்டுக் கதை. 2012-ல் அந்தக் கரையில் ஏறக்குறைய நாலு லட்சம் டன் மத்தி, அதாவது சாளை, பிடித்தார்கள். 2021-ல் மொத்தமே 3,297 டன். கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கொடுத்த கணக்கு இது. எல்லாப் பழியையும் கடல் சூட்டின் மேல் போட முடியாது. நல்ல வருஷங்களில் குஞ்சு மீன் வரை அள்ளி, மீன்தூள் ஆலைக்கு லாரி லாரியாக அனுப்பினார்கள், அதன் மேல், பசிபிக் கடல் வழக்கத்துக்கு மேல் சூடாகி உலக வானிலையையே குழப்புகிற எல் நினோ 2015-ல் வந்து சேர்ந்தது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே போதும். அதற்கப்புறம் மத்தி திரும்பி வந்தது, ஆனால் 2024 மழைக்காலத்துக்குப் பிறகு வந்ததில் ஏராளம் வளராத மீன். மழை நன்றாகப் பெய்து பாசி பெருகி ஒரே நேரத்தில் அளவுக்கு மேல் குஞ்சு பிழைத்தது, அத்தனைக்கும் தீனி போதவில்லை, உருவம் குன்றிவிட்டது என்று அதே நிலையத்தின் விஞ்ஞானிகள் விளக்கம் சொன்னார்கள். மீன் இல்லாமல் போவது ஒரு கஷ்டம், இருந்தும் தேறாமல் இருப்பது இன்னொரு கஷ்டம்.

நம் கரைக்கு இதில் ஒரு லாபமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கேரளத்தார் மத்தி என்று சொல்லும் பேச்சாளை முன்பெல்லாம் பெரும்பாலும் மலபார்க் கரை மீன். தமிழ்நாட்டுக் கரையில் சூடை வகைச் சாளைகள்தான் அதிகம். 1980-களுக்குப் பிறகு பேச்சாளை வடக்கே மராட்டியம், குஜராத் பக்கமும், இந்தப் பக்கம் குமரியைச் சுற்றி நம் கரைக்கும் ஆந்திராவுக்கும் பரவியது. கடல் சூட்டோடு இது பொருந்துகிறது என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த இ. விவேகானந்தன் போன்றவர்கள் எழுதினார்கள். அயிலை மேல்நீரிலிருந்து கொஞ்சம் ஆழத்துக்கு இறங்கியதையும் அவர்கள்தான் கவனித்தார்கள், மேல்வலையில் பட்ட மீன், கடலடியில் இழுக்கிற அடிமடி வலையில் அதிகம் படத் தொடங்கியது. அதனால் இன்று உவரியிலும் இடிந்தகரையிலும் கூத்தங்குழியிலும் கூட்டப்புளியிலும் பேச்சாளை ஏலம் போகிறது என்றால் அதில் இந்த இடமாற்றத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் இதை நம்பிக் கடனுக்கு வலை வாங்க முடியுமா என்று அண்ணாச்சி கேட்டார், நியாயமான கேள்வி. அங்கிருந்து இங்கே வந்த மீனுக்கு இங்கிருந்து போகவும் தெரியும். அட்லாண்டிக்கில் சூடு கூடினால் மீன் வடக்கே வடக்கே என்று குளிர்ந்த கடலைத் தேடிப் போகலாம், இந்தியப் பெருங்கடலுக்கு வடக்கே நிலம்தான் இருக்கிறது, கதவு அடைத்த வீடு. போக இடம் குறைவு.

சரி, கடைக்கு வருவோம். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கரும்பலகையைப் பாருங்கள். கடலில் சாளை இல்லாத நாளில் பலகையிலும் சாளை இல்லை. இதற்கு மாறாக வருஷம் முழுவதும் எல்லா மீனும் போடுகிற கடைகள் நான்குவழிச் சாலை நெடுகிலும் இருக்கின்றன. மெனு அட்டை லேமினேட் செய்து வைத்திருப்பார்கள், எந்த நாள் போனாலும் அத்தனையும் உண்டு. எப்படி உண்டு? ஐஸில் பல நாள் கிடந்தது, வேறு மாநிலத்திலிருந்து வந்தது, சில சமயம் வேறு நாட்டிலிருந்தே வந்தது. கேரளத்தில் மத்தி தட்டுப்பாடு வந்த வருஷங்களில் ஓமன் மத்தி மார்க்கெட்டில் விற்றது தெரிந்த விஷயம்தானே. அப்படிப்பட்ட இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குக் கடலில் எதுவும் மாறியதாகவே தெரியாது. நம்முடைய கரை காலியாக இருக்கும்போதும் தட்டு நிறைந்தே இருக்கும். சாளைக்கடையில் மட்டும்தான் கடலின் நிலைமை அப்படியே இலைக்கு வருகிறது. இதற்காகப் பட்டினி போட்டுவிடுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. சாளை இல்லாத நாளில் காரல் இருக்கும், காரல் இல்லாவிட்டால் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய் போட்டு, ஊற்றிச் சாப்பிட்டால் மீன் கேட்கத் தோன்றாது.

படகு போகாத நாளும் உண்டு, அதையும் சேர்த்துக் குறை சொல்கிறார்கள். இந்தக் கரையில் பெரும்பாலும் பைபர் படகும் நாட்டுப் படகும்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், இவர்களுக்கு இல்லை. ஆனால் காற்று எச்சரிக்கை வந்தால் சிறு படகுதான் முதலில் கரையில் நிற்கும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்த பிறகு எச்சரிக்கையை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அதோடு கள்ளக்கடல் என்று ஒன்று, இங்கே காற்றே இல்லாமல் எங்கோ தெற்கே தூரக் கடலில் கிளம்பிய அலை கரையில் வந்து மோதும். 2024 மே மாதம் குமரிக் கரையில் உயிர்களை வாங்கியது அதுதான். ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையத்திலிருந்து இந்த எச்சரிக்கை போனில் வந்துவிடுகிறது. மீன் கூட்டம் எந்தப் பக்கம் இருக்கலாம் என்று செயற்கைக்கோள் படத்தில் கடல் சூட்டையும் பாசியின் நிறத்தையும் பார்த்துச் சொல்வதும் அவர்கள்தான். அண்ணாச்சியின் மச்சினர் படகு வைத்திருக்கிறார், அவர் அந்தத் தகவலைப் பார்ப்பார், ஆனாலும் கிளம்புவதற்கு முன்னால் மணலில் நின்று நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். எண்ணெய்ச் செலவு ஏறிப்போச்சு, முன்னே பக்கத்தில் பட்ட மீனுக்கு இப்போது தூரம் ஓட வேண்டியிருக்கிறது என்பது அவர் அடிக்கடி சொல்வது. ஏலத்தில் விலை ஏறினால் அக்கா வறுவல் தட்டுக்கு இரண்டு ரூபாய் ஐந்து ரூபாய் ஏற்றுவார். அதையும் பலகையில் எழுதிவிடுகிறார், சாப்பிட்ட பிறகு பில்லில் பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரி இல்லை.

இந்தக் கடையில் எனக்குப் பிடிக்காத காரியம் ஒன்று உண்டு, அதை மழுப்ப விரும்பவில்லை. சில நாள் பலகையில் "பொடிச்சாளை வறுவல்" என்று இருக்கும். விரல் நீளம்கூட இல்லாத சாளைக் குஞ்சு, தலையோடு முள்ளோடு மொறுமொறுவென்று பொரித்து ஒரு குவியல். ருசிக்குக் குறைவில்லை, வருகிறவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். ஆனால் அது இன்னும் ஒரு தடவைகூட முட்டை போடாத மீன். கேரளத்தில் பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, அயிலைக்குப் பதினாலு. கடல் சூட்டை நீங்களும் நானும் உவரியில் உட்கார்ந்து குறைக்க முடியாது, அது பெரிய பெரிய நாடுகள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. ஆனால் சூட்டால் ஏற்கெனவே தள்ளாடும் மீன் கூட்டத்தில் குஞ்சையும் அள்ளுவதை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது.

அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "வலையில வந்துட்டுது அண்ணாச்சி, திருப்பிக் கடல்ல போட்டா மட்டும் உயிரோட போவுமா? செத்தத வாங்கலன்னா மீன்தூளுக்குப் போவும், கோழிக்குப் போவும். அதுக்கு மனுசன் தின்னா என்ன?" என்றார். இதற்குப் பதில் சொல்வது எளிதில்லை, செத்த மீன் பிழைக்காது என்பது உண்மைதான். ஆனால் பொடிச்சாளைக்கு ஏலத்தில் நல்ல விலை இருக்கும் வரை பொடிக்கண் வலையும் கடலுக்குப் போகும். ஹோட்டல்காரர் வாங்க மாட்டார் என்று தெரிந்தால் கூட்டத்தைப் பார்த்ததும் குஞ்சா பெரிதா என்று யோசித்து வலையை இறக்குவார்கள். இதைச் சொன்னபோது அக்காதான் உள்ளேயிருந்து, "கேக்கிறவங்க கேக்கிறாங்க, நாங்க போடுறோம், கேக்காம இருந்தா நாங்க ஏன் வாங்குறோம்" என்றார். அதனால் இந்த வேண்டுகோள் கடைக்காரருக்கும் உண்டு, இதைப் படித்துவிட்டு அங்கே போகப்போகும் உங்களுக்கும் உண்டு: பொடிச்சாளை கேட்காதீர்கள். நன்றாக வளர்ந்த, வயிறு பருத்த சாளையைக் கேட்டு வாங்குங்கள்.

இது நம் ஊரில் மட்டும் பேசுகிற பேச்சும் இல்லை. பெரு நாட்டுக் கடலில் ஒரு வகை நெத்திலி, உலகத்திலேயே அதிகமாகப் பிடிக்கப்படும் மீன் இனங்களில் ஒன்று. 1970-ல் வருஷத்துக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் பிடித்தார்கள், அடுத்து 1972-73 எல் நினோவில் கடல் சூடாகி, அளவில்லாமல் பிடித்ததும் சேர்ந்து, தொழிலே படுத்துவிட்டது. அந்த அடியிலிருந்து பாடம் படித்தவர்கள், 2023-ல் மறுபடி எல் நினோ வந்து கூட்டத்தில் குஞ்சே அதிகம் என்று தெரிந்ததும் வடக்கு, நடுக் கடல் பகுதியில் அந்த வருஷத்து முதல் பருவத்தையே ரத்து செய்தார்கள். ஒரு நாட்டுக்கே அன்னியச் செலாவணி தரும் மீனை ஒரு பருவம் முழுக்க விட்டுக்கொடுக்க முடிகிறது என்றால், ஒரு தட்டு வறுவலை நாம் விடலாம்.

சிறுமீன் போனால் அதோடு நிற்காது என்பதையும் நினைக்க வேண்டும். வாளையும் சூரையும் வஞ்சிரமும் தின்பது இந்தச் சாளையையும் நெத்திலியையும்தான், ஓங்கில் என்கிற டால்பினும் கடற்பறவையும் அப்படியே. நம் பக்கத்தில் சைக்கிளிலும் டிவிஎஸ் வண்டியிலும் மீன் கொண்டுவருகிறவர்கள் நாங்குநேரி, களக்காடு, மூலைக்கரைப்பட்டி என்று உள்ளூர்த் தெருக்களில் விற்பது பெரும்பாலும் சாளைதான். கூலி வேலை பார்க்கிற வீட்டில் வாரத்தில் இரண்டு நாள் மீன் வாசம் வருகிறது என்றால் சாளை மலிவாகக் கிடைப்பதால்தான். பிள்ளைகளுக்குக் கால்சியம், நல்ல கொழுப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுப்பதெல்லாம் அந்த முள்ளிலும் நெய்யிலும் இருக்கிறது. வஞ்சிரம் விலை ஏறினால் கவலைப்படுகிறவர்கள் வேறு ஆட்கள், சாளை விலை ஏறினால் கவலைப்படுகிறவர்கள் வேறு ஆட்கள். சாளை கிலோ முந்நூறு என்று ஆகிவிட்டால் அந்த வீடுகளில் அந்த இரண்டு நாளும் போய்விடும். அதனால்தான் சிறுமீனை மட்டும் மரியாதையாகச் சமைக்கிற ஒரு கடையைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம், போகிறவர்களுக்குத் தேவையான தகவல். சோறு, குழம்பு, ரசம், மோர், ஒரு தொடுகறி சேர்த்து 110 ரூபாய், குழம்பு மீன் இரண்டு துண்டு அதிலேயே அடக்கம். வறுவல் தனி, அன்றைய விலை பலகையில் இருக்கும். புழுங்கல் அரிசிச் சோறு, நிறைய வைப்பார்கள், வீணாக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சேவை வேகமாக இருக்காது. பரிமாற ஒரு பையன்தான், கூட்டம் இருந்தால் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். கை கழுவுகிற இடத்தில் சோப்பு இருக்கிறது, கழிப்பறை கிடையாது, திசையன்விளையிலேயே பார்த்துவிட்டு வருவது நல்லது. கார் நிறுத்த எதிரே பனங்காட்டு ஓரத்தில் இடம் உண்டு, மணலுக்குள் இறக்கிவிடாதீர்கள், டயர் புதையும். செவ்வாய்க்கிழமை உவரி அந்தோணியார் கோவிலுக்கு வருகிற கூட்டம் இங்கேயும் இருக்கும், அன்று பன்னிரண்டரைக்கு முன்னால் போய்விடுங்கள். சுயம்புலிங்க சுவாமி கோவிலுக்குப் போகிறவர்கள் விரதம் இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை படகு கடலில் இறங்காது, கடையும் கிடையாது. திங்கள்கிழமையும் படகு கரையேறி, ஏலம் முடிந்து மீன் வரவே நேரமாகும், ஒரு மணிக்கு மேல் போனால்தான் பலகை எழுதியிருப்பார்கள்.

காரல் கருவாடும் நெத்திலிக் கருவாடும் கால் கிலோ பொட்டலமாக வைத்திருக்கிறார்கள், மணலில் போடாமல் வலை விரித்துக் காயவைத்தது, உப்பு அளவாக இருக்கிறது, வாங்கலாம். போனில் பணம் அனுப்பலாம் என்றாலும் அந்த இடத்தில் சிக்னல் அடிக்கடி போகும், கையில் காசு வைத்துக்கொள்ளுங்கள்.